வரிசையில் நிற்கும் குழந்தை

கோடை விடுமுறையில் பேரக்குழந்தைகள் வந்துவிட்டால் வீட்டின் நிகழ்ச்சிநிரல் அவர்கள் கைக்குப் போய்விடும். கடந்த மே மாதம் எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது. நான்கரை வயதுப் பேரன், அவனுடைய பெற்றோர், என் மனைவி, நான் என ஐந்து பேர் சென்னைப் புறநகரில் உள்ள பெரிய பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றுக்குச் சென்றோம். புறப்படும் முன் நான் செய்த ஆயத்தம் ஒன்றே ஒன்றுதான்: இணையத்தில் நுழைவுச்சீட்டின் விலையை நாள்வாரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்றவன் வேறென்ன செய்வான்? பேரனின் உயரத்தையும் அளந்துவிட்டுப் போயிருக்க வேண்டும் என்பது அன்று மாலைதான் புரிந்தது.

முற்பகல் பதினொன்றரை மணி இருக்கும். ஒரு பெரிய சவாரியின் முன் இரண்டு வரிசைகள் இருந்தன. ஒன்று எங்களைப் போன்றோருக்கானது. வளைந்து வளைந்து சென்ற அதன் பாதி நீளத்துக்குத்தான் கூரை. மற்றொன்று கூடுதல் கட்டணம் செலுத்தியவர்களுக்கானது. அதில் யாரும் நிற்கவில்லை. வந்தார்கள், கைப்பட்டையைக் காட்டினார்கள், உள்ளே போனார்கள். இருபது நிமிடங்கள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த பேரன் கேட்டான்: “தாத்தா, நாமதானே முன்னாடி வந்தோம்? அவங்க மட்டும் ஏன் முதல்ல போறாங்க?”

விலைப் பாகுபாடு என்ற தலைப்பில் ஆண்டுதோறும் இளங்கலை மாணவர்களுக்கு மூன்று வாரங்கள் பாடம் நடத்தியவன் நான். நான்கரை வயதுக் குழந்தையிடம் சொல்ல என்னிடம் ஒரு வாக்கியமும் இல்லை. “நாமும் அந்தச் சீட்டை வாங்கிவிடலாம் மாமா” என்றார் மாப்பிள்ளை. நான் மறுத்தேன். வரிசை என்பது எல்லோருக்கும் பொதுவானது, அதை விலைக்கு வாங்குவதை இந்த வயதிலேயே குழந்தைக்குப் பழக்க வேண்டாம் என்று சற்றுக் கண்டிப்பாகவே சொன்னேன். மேலும் அரை மணி நேரம் நின்றோம். வாயிலை அடைந்ததும் ஊழியர் பேரனை அளவுகோலின் அருகே நிறுத்தினார். அந்தச் சவாரிக்கு 120 சென்டிமீட்டர் வேண்டும், அவன் 104. வரிசையின் தொடக்கத்திலேயே பலகை இருந்தது. கண்ணாடி போட்டும் நான் படிக்கவில்லை. குழந்தை அழுதான், அழுத வேகத்தில், வெயிலின் சோர்வும் சேர்ந்து, வாந்தி எடுத்தான். மகள் அவன் முகத்தைக் கழுவிவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள்: “அப்பா, உங்க கொள்கைக்காக அவன் எதுக்கு வெயில்ல நிக்கணும்?”

அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சிக்குச் சென்றவர்களுக்கு ஒரு முறை பழக்கமாகியிருக்கும். நுழைவுக் கட்டணம் குறைவு; உள்ளே ராட்டினத்துக்கு, மரணக் கிணற்றுக்கு, குழந்தைகளின் ரயிலுக்குத் தனித்தனிக் கட்டணம். கலிஃபோர்னியாவில் 1955-இல் தொடங்கப்பட்ட டிஸ்னிலேண்டும் முதலில் ஏறத்தாழ இப்படித்தான் இயங்கியது. நுழைவுக் கட்டணம் தனி. சவாரிகளுக்குத் தரம் பிரித்த சீட்டுப் புத்தகம் தனி. இந்த இரட்டைக் கட்டண முறையை ஆராய்ந்து வால்டர் ஓய் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1971-இல் எழுதிய கட்டுரை துறை மாணவர்கள் அனைவரும் அறிந்தது. நுழைவுக்கு அதிகம் வாங்கிச் சவாரியை மலிவாகத் தருவதா, உள்ளே இலவசமாக விட்டுச் சவாரிக்கு அதிகம் வாங்குவதா என்பதே அவர் எழுப்பிய வினா. வாடிக்கையாளர்கள் அனைவரும் ஒரே மாதிரியானவர்கள் என்றால் முதல் வழியே முதலாளிக்கு லாபம் என்று அவர் நிறுவினார். (ஓய் பார்வையற்றவர். கண்ணால் காணும் கேளிக்கைகளுக்கென்றே அமைந்த ஓரிடத்தின் கணக்கை அவர்தான் நமக்குக் காட்டினார் என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் ஒரு கணம் அமைதியாவார்கள்.) 1982-இல் டிஸ்னிலேண்ட் சீட்டுப் புத்தகத்தைக் கைவிட்டது. இன்று நம் ஊர்ப் பூங்காக்கள் பலவும் பின்பற்றுவது அந்த ஒற்றைக் கட்டண முறையைத்தான்.

வாயிலில் கொடுத்த பணத்துக்குள் எல்லாம் அடக்கம் என்றவுடன் உள்ளே ஒவ்வொரு சவாரியின் விலையும் பூஜ்யமாகிவிடுகிறது. விலை பூஜ்யமான இடத்தில் பண்டத்தைப் பங்கிடும் வேலையை வரிசை எடுத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய்க்காக ரேஷன் கடை முன் நின்ற என் தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பணத்துக்குப் பதிலாக நேரத்தைச் செலுத்துகிறோம். அந்த வகையில் வரிசை ஒரு சமத்துவம்தான்: மணிக்கு அறுபது நிமிடம் என்பது செல்வந்தருக்கும் கூலித் தொழிலாளிக்கும் ஒன்றே.

இந்தச் சமத்துவம் படிப்படியாக விற்பனைக்கு வந்த கதையும் டிஸ்னியிடமே இருக்கிறது. 1999-இல் அங்கு அறிமுகமான ‘ஃபாஸ்ட்பாஸ்’ இலவசம். குறிப்பிட்ட நேரத்துக்கு வந்தால் நீண்ட வரிசையில் நிற்காமல் உள்ளே போகலாம். நுழைவுச்சீட்டு வைத்திருக்கும் எவரும் பெறலாம். பெருந்தொற்றுக் காலத்தில் நிறுத்தப்பட்ட அந்த ஏற்பாட்டின் இடத்துக்கு 2021-இல் கட்டண முறை வந்தது. இலவசமாக இருந்தபோது அது கூட்டத்தைச் சீராகப் பரப்பும் கருவி. கட்டணம் வந்தபின் அது தனிப் பண்டம். தனிப் பண்டம் என்றால் அதற்குத் தேவையை உருவாக்க வேண்டும்.

இங்குதான் ஒரு எளிய கணக்கு தேவைப்படுகிறது. ஒரு சவாரி மணிக்கு 600 பேரை ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். பொது வரிசையில் 300 பேர் இருந்தால் கடைசியில் நிற்பவர் அரை மணி நேரத்தில் ஏறிவிடலாம். ஆனால் இருக்கைகளில் பாதி விரைவு வரிசைக்கு ஒதுக்கப்பட்டால் அதே மனிதர் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். சவாரி மாறவில்லை, கூட்டம் மாறவில்லை. காத்திருப்பு மட்டும் இரட்டிப்பாகிவிட்டது. இரட்டிப்பான அந்தக் காத்திருப்புதான் விரைவுச் சீட்டுக்கு விளம்பரம். பொது வரிசை குறுகினால் விரைவுச் சீட்டு விற்காது.

ஜூல் டுபுயி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1849-லேயே இதைக் கண்டு எழுதியிருக்கிறார். அக்கால ரயில்களில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் சிலவற்றுக்குக் கூரை கிடையாது. கூரை போடும் செலவு ஒன்றும் பெரிதல்ல. இரண்டாம் வகுப்புக் கட்டணம் கொடுக்க முடிந்தவர்கள் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்பதற்காகவே அது திறந்து கிடந்தது என்றார் அவர். ஏழையை வருத்துவது நோக்கமல்ல, வசதி உள்ளவரை அச்சுறுத்துவதே நோக்கம். நாங்கள் நின்ற வரிசையின் பாதிக் கூரையைப் பார்த்தபோது டுபுயி நினைவுக்கு வந்தார். அந்தப் பூங்கா வேண்டுமென்றே அப்படிச் செய்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் மீதிக் கூரையைப் போடும்படி அதைத் தூண்டும் லாபக் காரணமும் எதுவுமில்லை.

விரைவு வரிசைக்கு ஆதரவான வாதங்களை நான் அறியாதவன் அல்லன், நானே கற்பித்தவைதாம். அவசரம் உள்ளவர் கூடுதலாகக் கொடுக்கிறார், அந்த வருவாயால் மற்றவர்களின் நுழைவுக் கட்டணம் உயராமல் இருக்கக்கூடும், யாரும் கட்டாயப்படுத்தப்படவில்லை. விமானத்தில் முன் இருக்கையை ஒப்புக்கொள்ளும் நாம் இதை மட்டும் எதிர்ப்பது ஏன் என்று மாணவர் ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வியே. ஆனால் இந்த வாதங்கள் அனைத்தும் வரிசையில் நிற்பவர் தம் பொறுமையின் விலையை அறிந்த, தம் பையில் பணம் உள்ள ஒருவர் என்று கொள்கின்றன. வரிசையில் மிகக் குறைந்த பொறுமை உள்ளவன் என் பேரன். அவனிடம் பணப்பை இல்லை. முடிவெடுக்கும் உரிமையும் இல்லை. அவனுக்காக நான் முடிவெடுத்தேன், விலையை அவன் கொடுத்தான். மகள் சொன்னதன் பொருள் இதுதான்.

தேவை அறிந்து முன்னுரிமை தருவது நமக்குப் புதிதல்ல. திருமலையில் 300 ரூபாய் சிறப்பு நுழைவுத் தரிசனம் உண்டு. அதைப் பற்றி விமர்சனமும் உண்டு. அதே திருமலையில் ஒரு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தையுடன் வரும் பெற்றோர் கட்டணமின்றித் தனி வழியில் செல்லலாம். முன்னுரிமையைப் பணத்தாலும் அளக்கலாம், இயலாமையாலும் அளக்கலாம் என்பதற்கு ஒரே வளாகத்தில் இரண்டு வாயில்கள் சாட்சி. டிஸ்னியின் பூங்காக்களிலும் ஒரு நல்ல ஏற்பாடு கட்டணமின்றித் தொடர்கிறது. உயரம் போதாத குழந்தையுடன் வந்த பெற்றோரில் ஒருவர் சவாரிக்குச் செல்லும்போது மற்றவர் குழந்தையுடன் வெளியே இருக்கலாம். பிறகு அவர் மீண்டும் முழு வரிசையில் நிற்காமல் தன் முறையைப் பெறலாம். இதற்குப் பெரிய முதலீடு எதுவும் தேவையில்லை.

உயரக் கணக்கில் இன்னொரு முரண் உண்டு. நம் பூங்காக்கள் பலவற்றில் குழந்தைக்கான கட்டணம் உயரத்தைக் கொண்டு நிர்ணயிக்கப்படுகிறது. அதே உயரம்தான் எந்தச் சவாரியில் ஏறலாம் என்பதையும் நிர்ணயிக்கிறது. இரண்டு கோடுகளுக்கும் இடையே அகப்பட்ட குழந்தை இலவசத்துக்கு அதிகமாகவும் சவாரிக்குக் குறைவாகவும் வளர்ந்திருக்கிறது. ரயிலில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி இருக்கை கேட்காவிட்டால் கட்டணம் இல்லை. தராத இருக்கைக்கு ரயில்வே விலை கேட்பதில்லை. பூங்காவில் ஏற முடியாத சவாரிகளுக்கும் சேர்த்தே கொடுக்கிறோம். போதாக்குறைக்கு, குழந்தையைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கென்றே வந்த பாட்டிக்கும் முழுக் கட்டணம். என் மனைவி அன்று நாள் முழுவதும் ஏறியது படிக்கட்டு மட்டுமே.

பாதுகாப்புக்கான உயர வரம்பில் நான் குறை காணவில்லை. அதில் ஒரு சென்டிமீட்டரும் விட்டுக்கொடுக்கக் கூடாது. நான் கேட்பது வேறு. பொழுதுபோக்குப் பூங்காக்களின் நுழைவுக் கட்டணத்துக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2018 ஜனவரியில் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பொதுப்பணத்தில் சலுகை பெறும் தொழிலிடம் சில கடமைகளைக் கேட்பதில் தவறில்லை. சவாரியின் இருக்கைகளில் எத்தனை சதவீதம் விரைவுச் சீட்டுக்கு ஒதுக்கப்படுகிறது என்று வாயிலிலேயே அறிவிக்க வேண்டும். அதற்கு ஓர் உச்சவரம்பும் வேண்டும். பொது வரிசை முழுவதற்கும் நிழலும் குடிநீரும் உரிமம் வழங்குவதற்கான நிபந்தனைகளாக வேண்டும். ஒவ்வோர் உயரத்துக்கும் எத்தனை சவாரிகள் திறந்திருக்கும் என்பதைச் சீட்டு வாங்கும் இணையப் பக்கத்தில், பணம் செலுத்தும் பொத்தானுக்கு முன்பே, காட்ட வேண்டும். இவற்றில் எதுவும் புரட்சி அல்ல.

அரசு அசையும்வரை குழந்தைகள் காத்திருக்க மாட்டார்கள். எனவே நான் கற்ற சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் கதவோரம் நிறுத்தி உயரத்தை அளந்து, பூங்காவின் பட்டியலோடு ஒப்பிட்டு, ஏற முடியாதவற்றைக் குழந்தையிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். வீட்டில் கிடைக்கும் ஏமாற்றம் சிறியது. ஒரு மணி நேரம் நின்றபின் கிடைப்பது பெரியது. இயன்றால் விடுமுறை அல்லாத வாரநாளில், கதவு திறக்கும் முன்பே சென்றுவிடுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் வரிசை அநேகமாக இராது. விரைவுச் சீட்டுக்கு அதுவே மாற்று. காலையில் குழந்தையின் அன்றைய உடையோடு ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். ஒருவேளை பிரிந்துவிட்டால் எந்தச் சீருடை அணிந்தவரிடம் போக வேண்டும் என்று காட்டிக்கொடுங்கள். தண்ணீர் விளையாட்டுகளில் காற்றடைத்த மிதவையை நம்பாதீர்கள். குழந்தை எப்போதும் பெரியவரின் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அலைக்குளத்தில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த தந்தையர் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கி, மனம் பொறாமல் விட்டுவிட்டேன். மோரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் தாகம் எடுக்கும் முன்பே கொடுக்கப்பட வேண்டியவை. மாற்றுத் துணி இரண்டு மடங்கு வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம், கொடுத்த பணத்துக்கு ஈடாகப் பொழுதுசாயும்வரை இருந்தே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தை விடுவது. செலவழிந்துவிட்ட பணம் திரும்பாது, அதை வைத்து இனிமேல் செய்யப்போவதை முடிவு செய்யாதே என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன் நான். அன்று வாந்திக்குப் பிறகும், “இன்னும் ஒரு சவாரி பார்க்கலாமே” என்று சொன்னவனும் நான்தான். என் மனைவி பதில் பேசாமல் பையைத் தோளில் மாட்டினாள்.

வெளியேறும் வழியில் குழந்தைகளுக்கான சிறிய ரயில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு விரைவு வரிசை இல்லை, வரிசையே இல்லை. பேரன் ஏறினான். இறங்கி ஓடிவந்து மறுபடியும் ஏறினான். ஐந்தாவது சுற்றில் ஓட்டுநரே அவனை முன்பெட்டியில் உட்காரச் சொன்னார். டிசம்பர் விடுமுறைக்கு வரும்போது எங்கே போகலாம் என்று சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டேன். ரயிலுக்கு என்றான். மகள் ஒலிவாங்கியை வாங்கி, வாரநாளாகப் பார்த்துச் சொல்லுங்கள் அப்பா, விரைவுச் சீட்டு வாங்குவதா வேண்டாமா என்பதை அங்கே போய் நான் முடிவு செய்துகொள்கிறேன் என்றாள். சரியென்று சொல்லியிருக்கிறேன்.