சொந்த வீட்டில் கம்பெனி ஆட்சி

விளக்கை ஏற்றவும் அணைக்கவும், கதவைப் பூட்டவும் திறக்கவும், அறையின் குளிர்ச்சியைக் கூட்டவும் குறைக்கவும் வீட்டுக்காரர் எழுந்து நடக்க வேண்டியதில்லை. கைத்தொலைபேசியைத் தொட்டால் போதும், அல்லது வாயால் சொன்னால் போதும் என்னும் காலம் வந்துவிட்டது. இத்தகைய யந்திரங்கள் நமது நகரங்களிலும் தாராளமாக விற்பனையாகின்றன. அதே சமயத்தில், படித்த வாலிபர்கள் பலர் முப்பது நாற்பது வருஷங்களுக்கு முந்திய விளையாட்டு யந்திரங்களையும் இசைத்தட்டுக்களையும் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். இதைப் பழமை மோகம் என்று சிலர் நகைக்கிறார்கள். அந்த நகைப்பில் நமக்குச் சம்மதமில்லை. அந்த ஏக்கத்தினுள் நியாயமான உரிமைக் கோரிக்கை ஒன்று மறைந்து கிடக்கிறது.

அமெரிக்காவில் நடந்ததைக் கவனியுங்கள். வீட்டின் விளக்கு, பூட்டு முதலியவற்றை ஒருங்கே ஆளும் ரிவால்வ் என்னும் கருவி 299 டாலருக்கு விற்கப்பட்டது. அதைச் செய்த கம்பெனியை 2014-ம் வருஷத்தில் கூகுளைச் சேர்ந்த நெஸ்ட் கம்பெனி வாங்கிற்று. 2016 மே மாதத்தில் அக்கருவிக்குரிய சேவை நிறுத்தப்பட்டது. கருவி பழுதாகவில்லை, வாங்கியவர் பிழை ஏதும் செய்யவில்லை. எங்கோ இருந்த கணினி நிலையம் மூடப்பட்டது. வீட்டிலிருந்த கருவி வெறும் பெட்டியாயிற்று. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்னும் மற்றொரு கம்பெனி முன்னறிவிப்பே இல்லாமல் தன் கணினி நிலையத்தை அணைத்துவிட்டது. பிறகு அதன் வாடிக்கைக்காரர்களில் சிலரே பணம் போட்டு அத்தொழிலை வாங்கி உயிர்ப்பிக்க நேர்ந்தது.

விளையாட்டுக்களின் கதியும் இதுவே. 2014-ல் வெளியான தி க்ரூ என்னும் கார்ப் பந்தய விளையாட்டைத் தனியே ஆடுவதற்குக் கூடக் கம்பெனியின் கணினித் தொடர்பு வேண்டியிருந்தது. 2024 மார்ச் 31-ந் தேதியோடு அத்தொடர்பு அறுக்கப்பட்டது. காசு கொடுத்து வாங்கியவர் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

பழைய யந்திரங்களின் இயல்பு வேறு. 1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி வெளியிட்ட ஃபேமிலி கம்ப்யூட்டரில், பழுதில்லாத கேஸட்டைச் செருகினால் இன்றும் விளையாட்டு ஓடும். எவருடைய அனுமதியும் வேண்டாம். 1975-ல் ஸ்காட்லாந்தில் உருவான எக்ஸ்-10 என்னும் முறை, வீட்டு மின்சாரக் கம்பி வழியாகவே கட்டளையை அனுப்பி விளக்கை ஏற்றிற்று. ஆகவே, தானே இயங்கும் வீடு என்னும் கருத்து குற்றமுள்ளதன்று. கட்டளை வீட்டுக்குள் பிறக்கிறதா, கடல் கடந்து வருகிறதா என்பதே கேள்வி.

நமது தேசத்தின் 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், 14-வது பிரிவில், வாங்கியவர் பொருளை இடையூறின்றி அனுபவிப்பார் என்னும் உறுதியை விற்பனையோடு சேர்த்தே வைக்கிறது. கம்பெனிகளோ எவரும் படித்து முடிக்காத நீண்ட ஷரத்துக்களைக் காட்டி, “விற்றது பெட்டியை மட்டுமே, உள்ளிருக்கும் புரோகிராமை உபயோகிக்க அனுமதிதான் கொடுத்தோம்” என்று சாதிக்கின்றன. கடையில் கிரயம், வீட்டில் குத்தகை! இது என்ன நியாயம்?

கம்பெனிகள் என்றென்றைக்கும் நஷ்டத்தில் சேவை நடத்த முடியுமா என்று கேட்பார்கள். அப்படி எவரும் கோரவில்லை. முதியோருக்கும் அங்கவீனருக்கும் இக்கருவிகள் பெருந்துணை என்பதும் உண்மையே. எழுந்து நடக்க முடியாதவருடைய விளக்கும் பூட்டும் ஒரு நாள் திடீரென்று பேசாமற் போனால் அவர் கதி என்ன என்பதை எண்ணும்போது, நமது கோரிக்கை இன்னும் வலுவடைகிறது.

கோரிக்கை மூன்றே. சேவை எத்தனை வருஷம் நிச்சயம் என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். சேவையை நிறுத்தும் கம்பெனி, கருவி வீட்டுக்குள்ளேயே இயங்குவதற்கான வழியைத் திறந்துவிட்டுப் போக வேண்டும். அனுமதி மட்டும் கொடுப்பவர் ‘விற்பனை’ என்னும் சொல்லை உபயோகிக்கலாகாது. இந்த மூன்றாவது விஷயத்தில், புரோகிராம், விளையாட்டு முதலியவற்றுக்குக் கலிபோர்னியா ராஜ்யத்தின் சட்டம் 2025 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. விளையாட்டுக்களை இவ்வாறு கொல்லலாகாது என்று ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். பழுது பார்க்கும் உரிமைக்காக 2022-ல் இணையத்தளம் திறந்த இந்திய சர்க்கார், அதற்கு அடுத்த படியையும் ஏறட்டும்.

வியாபாரம் செய்ய வந்த ஒரு கம்பெனி ஆட்சி செய்யத் தொடங்கினால் விளைவது யாது என்பதை இத்தேசத்தாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. “இணையத்தொடர்பு அறுந்தால் இது வேலை செய்யுமா?” என்று கடைக்காரரை ஒவ்வொருவரும் கேளுங்கள். பாராளுமன்ற அங்கத்தினரைச் சட்டம் எங்கே என்று கேளுங்கள். தேசத்தை ஆளும் உரிமையைப் போராடிப் பெற்றவர்கள், தம் வீட்டு விளக்கை ஆளும் உரிமையைக் கைநழுவ விடலாமா?