அறுவை அரங்கிற்கு வெளியே

குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை செய்பவர் மருத்துவர். ஆயினும், அதற்கு முந்தைய இரவிலும் வீடு திரும்பிய பின்னரும் குழந்தையைக் காக்கும் பொறுப்பு பெற்றோரையே சாரும். அப்பொறுப்பை ஏற்பவர்க்குச் செயற்கை நுண்ணறிவு துணையாகுமா என்பது இன்று எழுந்துள்ள வினா.

மயக்க மருந்து செலுத்தப்படும்போது இருமுதல், விழுங்குதல் முதலிய காப்புச் செயல்கள் தளர்ந்துவிடும். அப்போது வயிற்றில் உணவிருந்தால் அது மேலெழுந்து நுரையீரலுக்குள் புகக்கூடும். ஆகவே, பசும்பாலையும் எளிய உணவையும் 6 மணி நேரத்திற்கு முன்பும் தாய்ப்பாலை 4 மணி நேரத்திற்கு முன்பும் நிறுத்துவது பொதுவான நெறி. இக்காரணம் விளங்காத தாய், விடியலில் அழும் பிள்ளைக்குப் பாலூட்டிவிட்டால் அன்றைய சிகிச்சை தள்ளிப்போகும். அன்றாடக் கூலியை இழந்து வந்த குடும்பம் மீண்டும் ஒரு நாள் வர நேரும். மருத்துவமனையில் அறிவுரை சொல்லப்பட்டிருக்கும். கலங்கிய மனத்தில் அது பதிந்திராது.

இக்குறையைப் போக்க உரையாடு மென்பொருளால் இயலும். எழுத்தறியாதவரும் தம் பேச்சுத்தமிழிலேயே அதனிடம் வினவலாம். ஒரே ஐயத்தைப் பத்து முறை கேட்டாலும் அது சலிப்படைவதில்லை. நள்ளிரவிலும் விடை தரும். பல நோயாளரைக் கவனிக்கும் செவிலியரிடம் மீண்டும் கேட்கத் தயங்குவோர்க்கு இது பெருந்துணை.

எனினும், இத்துணையில் இடரும் உண்டு. வலி தணிக்கும் பாரசிட்டமால் மருந்தின் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. அத்திரவ மருந்தில் 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம் கொண்ட வகையும் உண்டு. 250 மில்லிகிராம் கொண்ட வகையும் உண்டு. கையிலிருக்கும் புட்டி எதுவென அறியாமல் மென்பொருள் மில்லிலிட்டர் கணக்கில் அளவு கூறினால், குழந்தைக்கு இரு மடங்கு மருந்து சென்றுவிடக்கூடும். பிழையான விடையையும் தடுமாற்றமின்றி மொழிவது இக்கருவிகளின் இயல்பு. கேட்பவரோ அச்சத்தில் இருப்பவர். 1966ஆம் ஆண்டில் ஜோசப் வைசன்பாம் அறிமுகப்படுத்திய 'எலிசா' என்னும் எளிய மென்பொருள், பயன்படுத்துவோரின் சொற்களையே பெரும்பாலும் வினாவாகத் திருப்பித் தந்தது. அதனிடமே மக்கள் மனந்திறந்து பேசியது அவரைத் திகைக்க வைத்தது. இன்றைய கருவிகள் அதனினும் இயல்பாகப் பேசுவதால் எச்சரிக்கையும் மிகுதியாக வேண்டும்.

எனவே, இத்தகைய கருவி அம்மருத்துவமனையின் மருத்துவர்கள் ஒப்புதல் அளித்த செய்திகளை மட்டுமே கூற வேண்டும். மருந்தின் அளவைத் தானே கணக்கிடாமல் மருத்துவரின் சீட்டையே காட்ட வேண்டும். தொண்டைச்சதை அகற்றப்பட்ட குழந்தைக்குச் சில நாள் கழித்தும் குருதி கசியக்கூடும். அந்நிலையில் உரையாடலை நீட்டாமல், 108 ஊர்தியை அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்லுமாறு அது கூற வேண்டும். குழந்தையின் உடல்நலச் செய்திகள் பிறர் கைக்குச் செல்லாமல் காக்கப்படுவதும் இன்றியமையாதது.

இந்நெறிகளுக்கு உட்பட்டுச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது வரவேற்கத்தக்கது. ஆனால், அதனைக் காரணம் காட்டிச் செவிலியரின் எண்ணிக்கையைக் குறைத்தல் தகாது. கருவியால் மிச்சமாகும் நேரம், அஞ்சி நிற்கும் பெற்றோரின் அருகமர்ந்து செவிலியர் பேசுவதற்கே பயன்பட வேண்டும்.