மகள் அழைக்கும் பனிமலை

கடந்த மாதம் எமது மகளிர் குழுக் கூட்டம் முடிந்து சேமிப்புப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஓர் அம்மா என்னைத் தனியே அழைத்தார். "பிள்ளை, மகள் சுவிசுக்கு வரச்சொல்லி ஒற்றைக்காலில நிக்கிறாள். விசாவும் கிடைச்சிட்டுது. செர்மற் எண்ட இடத்துக்குப் பனிமலை காட்டக் கூட்டிக்கொண்டு போவாளாம். இந்த முழங்காலோட நான் அங்க போய் என்ன செய்யிறது?" என்று கேட்டார். குழுவில் இன்னும் இருவருக்கு இதே அழைப்பு வந்திருப்பதாகப் பின்னர் அறிந்தேன். ஆகவே இம்முறை இப்பத்தியைப் பயணம் போகவிருக்கும் அம்மாமாருக்காக எழுதுகிறேன்.

செர்மற் சுவிசின் தெற்கே, வலே மாநிலத்தில் சுமார் 1,600 மீற்றர் உயரத்தில் உள்ள சிற்றூர். பனிச்சறுக்குக்காக உலகெங்குமிருந்து ஆட்கள் வருவார்கள். ஊருக்கு மேலே 4,478 மீற்றர் உயரத்தில் மற்றர்ஹோர்ன் மலை தனியாக நிற்கிறது. அதை உங்களில் பலர் முன்பே பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கொண்டுவரும் ரொப்ளரோன் சொக்கிளேற் பெட்டியில், 2023இல் படத்தை மாற்றும்வரை இருந்தது அந்த மலைதான்.

நான் பேர்ணில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது அங்கே போய்வந்தேன். ஆயினும் கீழே எழுதுபவற்றில் பெரும்பகுதி நான் கண்டுபிடித்ததல்ல. செர்மற் விடுதியொன்றில் பல ஆண்டுகளாக அறைகள் துப்புரவு செய்யும் தமிழ்ச் சகோதரி ஒருவர் சொல்லித்தந்தது. 1980களில் அகதிகளாகச் சுவிசுக்குப் போன எம்மவரில் அநேகருக்கு உணவகச் சமையலறைகளும் விடுதிகளுமே முதல் வேலைத்தலங்களாயின. ஓர் ஊரைப் பற்றிக் கேட்பதானால் அதன் கட்டில் விரிப்புகளை மாற்றுபவரிடம் கேட்கவேண்டும் என்பது எனது எண்ணம். விளம்பரப் புத்தகத்தில் முழங்கால் வலிக்குப் பக்கம் ஒதுக்கமாட்டார்கள்.

அவர் முதலில் சொன்னது: "அம்மாவை உச்சிக்கு ஏத்திக் காட்டவேணும் எண்டு பிள்ளையள் அவசரப்படுகினம். அம்மாவுக்கு மூச்சு வாங்கிறதை ஒருத்தரும் பாக்கிறேல்லை."

இதை மகள்மார் கவனிக்கவேண்டும். மேலே போக மூன்று வழிகள் உண்டு. கம்பியில் தொங்கும் வண்டி 3,883 மீற்றர் வரை கொண்டுபோகும். அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. பிரசர், இருதய நோய், நெஞ்சுச்சளி உள்ளவர்களுக்கு அது வேண்டாம். 1898இல் தொடங்கிய கோர்னர்கிராற் பல்சக்கரப் புகையிரதம் அரை மணித்தியாலத்துக்குச் சற்று மேலான நேரத்தில் 3,089 மீற்றருக்கு ஏறும். யன்னலோரம் இருந்தபடியே பனியாற்றையும் சிகரங்களையும் காணலாம். அழகுதான். ஆனால் கோடையில் போய்வர முழுக்கட்டணம் நூறு பிராங்கைத் தாண்டும். அந்தச் சகோதரி அம்மாமாருக்குப் பரிந்துரைப்பது மூன்றாவதை: சுனெகா. நிலத்துக்கடியில் சுரங்கத்தினூடே ஓடும் வண்டி சில நிமிடங்களில் 2,288 மீற்றருக்குக் கொண்டுபோய் விடும். உயரம் குறைவு, செலவு குறைவு, மற்றர்ஹோர்ன் நேரெதிரே தெரியும். அருகில் ஒரு சிறு ஏரியும் உண்டு. எதுவானாலும் புறப்படுமுன் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விசாவுக்கென எடுத்த மருத்துவக் காப்புறுதிப் பத்திரத்தின் பிரதி அம்மாவின் கைப்பையில் இருக்கட்டும். மகளின் அலுமாரியில் இருந்து பயனில்லை.

காசு செலவழிக்காமலும் மலையைப் பார்க்கலாம். தேவாலயத்துக்கு அருகே ஆற்றின்மேல் ஒரு பாலம் இருக்கிறது. விடியற்காலையில், வானம் தெளிவாக இருந்தால், முதல் வெயில் மலையின் நுனியில் செம்பொன்னாக விழுந்து மெல்லக் கீழிறங்கும். அதைப் பார்க்க முதல்நாள் இரவே ஊரில் தங்கவேண்டும். தங்குவது வசதிப்படாதென்றால் பகலில் தெரியும் மலையே போதும்.

பயணச்சீட்டை முன்கூட்டியே எடுக்கவேண்டும். சுவிசில் பல நகரசபைகளும் கிராமசபைகளும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மலிவான நாள் சீட்டுகளை விற்கின்றன. பிந்தினால் முடிந்துவிடும், விலையும் கூடும். பேர்ணிலிருந்து விஸ்ப் என்ற இடத்துக்கு வந்து வண்டி மாறவேண்டும். எல்லாமாக இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம். மகளிடம் கார் இருந்தாலும் அதில் செர்மற்றுக்குள் போக முடியாது. 5 கிலோமீற்றர் முன்னே டாஷ் என்ற ஊரில் விட்டுவிட்டு 12 நிமிடம் புகையிரதத்தில் போகவேண்டும். ஊருக்குள் ஓடுபவை மின்சாரத்தில் இயங்கும் சிறு வண்டிகளே. சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்கும், திடுக்கிட வேண்டாம்.

உடையைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, மகள் வாங்கி வைத்திருப்பாள். சப்பாத்து மட்டும் முக்கியம். காலுறைக்குமேல் செருப்பு மாட்டிக்கொண்டு உறைபனியில் இறங்கக்கூடாது. சப்பாத்தின்மேல் இழுத்து மாட்டும் முள்வைத்த இறப்பர்ப் பட்டி கடைகளில் கிடைக்கும். அதை மாட்டினால் வழுக்காது. கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கும். சாப்பாட்டுக்கு வீட்டிலேயே புளிச்சாதம் கட்டிக்கொண்டு போங்கள். வாங்கில் இருந்து பார்சலைப் பிரித்துச் சாப்பிட அங்கே யாரும் வெட்கப்படுவதில்லை, சுவிஸ்காரரும் பாணும் பாற்கட்டியும் கொண்டுவந்துதான் சாப்பிடுகிறார்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். போத்தல் தண்ணீர் வீண்செலவு.

பிரதான வீதியில் விலையுயர்ந்த மணிக்கூட்டுக் கடைகளைப் பார்த்து மலைத்து நிற்காமல், பின்பக்கமாக உள்ள ஹின்ரர்டோர்ஃப் ஒழுங்கைக்குள் போகவேண்டும். வெயில்பட்டுக் கறுத்த மரக் களஞ்சியங்கள் அங்கே நிற்கின்றன. ஒவ்வொன்றும் கால்களின்மேல், காலுக்கும் களஞ்சியத்துக்கும் இடையே ஒரு வட்டக் கல்லுடன். எலி ஏறாமலிருக்க அந்தக் கல். எங்கள் கோம்பறையைக் கட்டியவரின் கவலையும் இதைக் கட்டியவரின் கவலையும் ஒன்றுதான். உல்லாசப் பயணிகள் வருமுன்பு இது தானியமும் மாடும் ஆடுமாகச் சீவித்த ஏழைக் கிராமம். இன்று அதே ஊரில் அறை துடைக்கவும் கோப்பை கழுவவும் வெளிநாட்டவர் தேவைப்படுகிறார்கள். போர்த்துக்கேயர் அங்கே பெருந்தொகையாக வாழ்கிறார்கள். சமூகவியல் படித்த எனக்கு மலையைவிட இதுவே கூடுதலாகப் பிடித்திருந்தது. இன்னொன்று: இதே மாநிலத்தின் உன்ரர்பெஹ் என்ற மலைக்கிராமத்தில் 1957 மார்ச்சில் பெண்கள் வாக்குப் போட்டார்கள். சுவிசில் பெண்கள் வாக்களித்தது அதுவே முதல் தடவை. நாடு முழுவதும் அவ்வுரிமை கிடைத்தது 1971இல். நாங்கள் 1931இலிருந்து வாக்களிக்கிறோம் என்று மருமகனிடம் சொல்லுங்கள்.

அடுத்து எழுதுவதைக் கட்டாயம் மகள்மார் வாசிக்கவேண்டும்.

மற்றர்ஹோர்னில் முதன்முதலாக ஏறியவர்கள் எழுவர். 1865 யூலை 14ஆந் திகதி. இறங்கும்போது கயிறு அறுந்து நால்வர் விழுந்தார்கள். மூவரின் உடல்கள் கிடைத்தன. 18 வயதான லோட் பிரான்சிஸ் டக்ளஸின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அறுந்த கயிறு அவ்வூர் நூதனசாலையில் இருக்கிறது. தேவாலயத்தின் அருகே மலையேறி இறந்தவர்களின் சேமக்காலை. பல கற்களில் இருபது, இருபத்தைந்து வயதுதான். காணாமற்போன மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தாயை முன்கூட்டிச் சொல்லாமல் அங்கே கூட்டிப்போனதையும், அந்த அம்மா அன்று முழுக்கச் சாப்பிடாமல் இருந்ததையும் அந்தச் சகோதரி சொன்னார். வேறொரு தாய் தானாகவே அங்கே போகவேண்டுமென்று கேட்டு, நெடுநேரம் நின்று, ஒவ்வொரு கல்லாகப் பெயரை வாசிக்கச் சொன்னாராம். ஆகவே அங்கே என்ன இருக்கிறதென்று முதலிலேயே சொல்லுங்கள். போவதா விடுவதா என்பதை அம்மா தீர்மானிக்கட்டும்.

அம்மா கேட்டால் இதையும் சொல்லலாம். வலே மாநிலப் பொலிசார் 1925 முதல் மலைகளில் காணாமற்போனவர்களின் பட்டியலொன்றை வைத்திருக்கிறார்கள். அதை இன்னும் மூடவில்லை. 1942 ஓகஸ்ட்டில் மாடு பார்க்கப் புறப்பட்ட ஒரு கணவனும் மனைவியும் திரும்பவில்லை. ஏழு பிள்ளைகள் வேறு வேறு வீடுகளில் பிரிந்து வளர்ந்தார்கள். 2017இல் பனியாறு உருகியபோது இருவரும் அருகருகே கிடைத்தார்கள். மரபணுப் பரிசோதனை செய்து, 75 வருடங்களுக்குப் பிறகு, உயிரோடிருந்த பிள்ளைகள் நல்லடக்கம் செய்தார்கள். செர்மற்றுக்கு மேலேயுள்ள பனியாற்றில் 1986இல் தொலைந்த ஒரு ஜேர்மனியரை 2023இல் கண்டெடுத்தார்கள். பெயரைப் பட்டியலில் வைத்திருந்தபடியால்தான் யாருடைய எலும்பென்று சொல்ல முடிந்தது.

எந்த மாதம் போவது என்று கேட்டால் நான் யூலையின் பிற்பகுதி என்பேன். மேலே பனி அப்போதும் இருக்கும், அந்தப் பனியாற்றில் ஆண்டு முழுவதும் சறுக்குவார்கள். கீழே வழுக்காது. அத்துடன் கோடை விடுமுறை வாரங்களில் காலையில் ஓர் ஆட்டுப்பட்டி பிரதான வீதியால் மேய்ச்சலுக்குப் போய் மாலையில் திரும்பும். முன்பாதி கறுப்பு, பின்பாதி வெள்ளை, நீண்ட கொம்பு, கழுத்தில் மணி. விலையுயர்ந்த கடைகளுக்கு நடுவே அவை புழுக்கை போட்டுக்கொண்டு போவதை, ஆடு வளர்க்கும் எமது குழு அம்மா கட்டாயம் பார்க்கவேண்டும். பாலுக்கா இறைச்சிக்கா என்று ஆட்டிடையனிடம் கேட்க விரும்புவார். மொழிபெயர்க்க மகள் பக்கத்தில் நிற்கட்டும்.