நாற்றங்காலுக்கு ஒரு பங்கு

நெல் விளைந்தபின் களத்துமேட்டில் கூடுவோர் பலர். நாற்றங்காலில் குனிந்து நின்றவரை அப்போது எவரும் தேடுவதில்லை. கழனியில் கண்ட இவ்வநீதி இன்று விளையாட்டு மைதானத்திலும் வேரூன்றி நிற்கிறது. பொருள் கொடுத்து ஆட்டக்காரரை அழைத்துக்கொள்ளும் பெருங்கழகத்துக்குப் புகழ் மாலை சூட்டப்படுகிறது. பிள்ளைப் பருவம் தொட்டு அவரை ஆளாக்கிய தெருக்கழகமோ மறக்கப்படுகிறது. 'உலக வழக்கு இதுதானே' என்று அமைதி கொள்வோர் நம்மிடையே மிகுதி. அவர்களோடு வழக்காடவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

2024 நவம்பரில் ஜெட்டா நகரில் நடந்த ஐ.பி.எல். கிரிக்கெட் ஏலத்தில், 13 வயதே நிரம்பிய வைபவ் சூர்யவன்ஷியை 1 கோடியே 10 லட்ச ரூபாய்க்கு ராஜஸ்தான் அணி எடுத்தது. அத்தொகை மறுநாளே வீடுதோறும் பேச்சாயிற்று. அப்பிள்ளைக்கு மட்டை பிடிக்கக் கற்றுத்தந்தவர் யார், அவருக்கும் அத்தொகையில் பங்கு உண்டா என்று கேட்டவர் எத்தனை பேர்? விலையைக் கேட்கப் பழகிவிட்டோம். விளைத்தவரைக் கேட்கப் பழகவில்லை.

அல்சூரில் வாழும் நமக்கு இது அயலூர்க் கதை அன்று. நம் ஏரிக்கு அருகே உள்ள கௌதமபுரத்தைக் கண்டவர்கள் அறிவார்கள். அங்கே அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு கால்பந்து மேதை பெலேவுக்கும் ஒரு சிலை உண்டு. உலகக் கோப்பை நடைபெறும் மாதத்தில் அத்தெருக்களில் பிரேசில் நாட்டின் மஞ்சள் சட்டை நிறைந்திருக்கும். தமிழ் பேசும் உழைப்பாளர் குடும்பங்கள் நெருங்கி வாழும் அச்சிறு பகுதியில், கால்பந்து பொழுதுபோக்கு மட்டும் அன்று. ஏழைப் பிள்ளை ஒருவன் தலைநிமிர்ந்து நடப்பதற்குக் கண்ட வழியுமாகும்.

பழம்பெருமை பேசுவது என் நோக்கமன்று. எனினும் கணக்கைத் தொடங்க முதல் வரவை எழுதியாக வேண்டும். 1937இல் ரோவர்ஸ் கோப்பையை வென்றது பெங்களூர் முஸ்லிம்ஸ் கழகம். மறு ஆண்டும் அதுவே வென்றது. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சு நாட்டை எதிர்த்து இந்தியாவுக்காக முதல் கோல் அடித்தவர் மைசூர் மாநில ஆட்டக்காரர் சாரங்கபாணி ராமன். அதே அணியில் ஆடிய அகமது கான் பெங்களூரில் பிறந்தவர். 1949இல் அவர் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்குச் சென்றார். அவ்வாண்டு தொடங்கித் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அக்கழகம் ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைக்கொண்டது. 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்ற அருமைநாயகமும் நம் நகரத்திலிருந்து மோகன் பகானுக்குச் சென்றவரே.

திறனுடையவர் பெரிய களத்தை நாடிச் செல்வது குற்றமா என்று சிலர் கேட்கலாம். குற்றமே அன்று. ஊர்விட்டு ஊர் வந்து பிழைத்த நாம் அவ்வாறு சொல்லவும் தகாது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் புறப்பட்டு இந்நகரில் வேர்கொண்டவர்கள் நம் முன்னோர். சென்றவர் மீது எனக்கு வழக்கில்லை. அவரை அழைத்துச் சென்றவர்கள், அவரை வளர்த்த மண்ணுக்கு என்ன விட்டுச் சென்றார்கள் என்பதே என் கேள்வி.

முற்காலத்தில் இதற்கு ஒருவாறு ஈடு இருந்தது. ஐ.டி.ஐ., எச்.ஏ.எல்., பி.இ.எல். முதலிய அரசுத் தொழிற்சாலைகள் அணிகளை வைத்துப் போற்றின. பந்து நன்றாக ஆடும் இளைஞனுக்கு வேலை கிடைத்தது. அவன் குடும்பம் நிமிர்ந்தது. மாலையில் அவனே தன் தெருவுக்குத் திரும்பி வந்து இளையோர்க்குக் கற்றுக்கொடுத்தான். நாற்றங்கால் தானாகவே உரம் பெற்றது. அந்த ஏற்பாடு இன்று மெலிந்துவிட்டது. எச்.ஏ.எல். அணி 2010-11, 2011-12 ஆகிய இரு பருவங்களில் தேசிய அளவிலான ஐ-லீகில் ஆடியது; இரண்டாவதன் இறுதியில் தரமிறங்கியது. பின்னர் 2013இல் பெங்களூர் எப்.சி. என்னும் தனியார் கழகம் தோன்றி, முதற்பருவத்திலேயே ஐ-லீக் வாகையைச் சூடியது. காலம் மாறிற்று. தொழிற்சாலை இருந்த இடத்தில் சந்தை அமர்ந்தது. ஆனால் தெருக்கழகத்துக்கு முன்பு சுற்றுவழியில் கிடைத்த கைம்மாறு என்ன ஆயிற்று? அதற்கு விடை சொல்வார் இல்லை.

இனி மறுப்போர் வாதங்களைப் பார்ப்போம்.

'வளர்த்துக் காத்திருக்கப் பொழுதேது? வாங்கினால் வெற்றி உடனே கிட்டும்' என்பது முதல் வாதம். அமெரிக்கர் நம்மவர் கிரிக்கெட்டைப் போற்றுவது போல் போற்றும் ஆட்டம் பேஸ்பால். அங்கே ஆட்டக்காரரை விற்பதும், ஒருவருக்கு மாற்றாக இன்னொருவரைப் பெறுவதும் நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்கம். 1918இல் வாகை சூடிய பாஸ்டன் அணி, மறு ஆண்டின் இறுதியில் பேப் ரூத் என்னும் இளைஞரை நியூயார்க் அணிக்குப் பணத்துக்கு விற்றது. அதன்பின் பாஸ்டன் மீண்டும் வாகை சூட 2004 வரை காத்திருந்தது. ஆனால் அதே நாட்டில் செயின்ட் லூயிஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி வேறு வழி கண்டார். செல்வ அணிகளோடு ஏலத்தில் போட்டியிடும் வசதி அவரிடம் இல்லை. ஆகவே 1920களில் சிற்றூர் அணிகளைத் தம் அணியோடு இணைத்து, அவற்றில் இளைஞரைப் படிப்படியாக வளர்த்தார். 1926, 1931, 1934 ஆகிய ஆண்டுகளில் அவ்வணி வாகை சூடியது. வறியவன் செல்வனை வெல்ல ஒரு வழி உண்டாயின், அது வளர்க்கும் வழியே.

நம் நகரமும் இதற்குச் சான்று தந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் ஐ.எஸ்.எல். பருவத்தின் தன் முதல் ஆட்டத்தில் பெங்களூர் எப்.சி. ஈஸ்ட் பெங்காலை வென்றது. அந்த ஒரே கோலை அடித்த வினித் வெங்கடேஷ் விலைகொடுத்து வாங்கிய புகழாளர் அல்லர். அக்கழகத்தின் இளையோர் அணி வழியே வந்த 19 வயதினர். 2025இல் ஐ.எஸ்.எல். நடக்குமா என்பதே ஐயமாகியபோது, அக்கழகம் ஆகஸ்டு மாதத்தில் முதல்நிலை ஆட்டக்காரர்க்கும் ஊழியர்க்கும் ஊதியத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. இளையோர் பயிற்சி தொடரும் என்றும் அவ்வறிவிப்பிலேயே கூறியது. சந்தை வற்றிய நாளில் எஞ்சி நின்றது எது என்று பாருங்கள்!

'வளர்த்தவனுக்குப் பங்கு என்று தொடங்கினால், அது ஆட்டக்காரன் காலில் விலங்காகும்' என்பது இரண்டாம் வாதம். இதனை நான் எளிதில் தள்ளமாட்டேன். இதில் உண்மை உண்டு. 1969இல் செயின்ட் லூயிஸ் அணி கர்ட் பிளட் என்னும் ஆட்டக்காரரை அவர் இசைவைக் கேளாமலே பிலடெல்பியாவுக்கு மாற்றியது. கறுப்பினத்தவரான அவர், தாம் விலைப்பொருள் அல்லர் என்று மறுத்து வழக்குத் தொடுத்தார். 1972இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். எனினும் அவர் மூட்டிய தீ அணையவில்லை. 1975இல் நடுவர் ஒருவரின் தீர்ப்பால் பழைய தளை அறுந்தது. கால்பந்திலோ, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரைப் பணம் கேட்டுத் தடுக்கலாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பரில் போஸ்மன் வழக்கில் தீர்ப்பளித்தது. இவ்விரண்டையும் நான் வரவேற்கிறேன். ஆட்டக்காரன் எவருக்கும் அடிமையல்லன். வளர்த்த கழகத்துக்கும் அல்லன்.

ஆனால் பங்கு வேறு, விலங்கு வேறு. பங்கை அளிக்க வேண்டியவர் வாங்கும் கழகத்தார். ஆடும் பிள்ளை அன்று. அது முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட சிறு தொகையாக இருக்க வேண்டும். அது நிலுவையில் இருப்பதைக் காட்டிப் பிள்ளையின் பதிவைத் தடுக்கலாகாது. இந்த மூன்று வரம்புகளும் காக்கப்பட்டால், பிள்ளையின் உரிமையும் குலையாது. வளர்த்தவர் உழைப்பும் வீணாகாது.

இது கற்பனையன்று. உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா 2001 முதல் இதற்கு விதி வகுத்திருக்கிறது. ஒப்பந்தக் காலத்திலேயே ஓர் ஆட்டக்காரர் தொகை பெற்று வேறு நாட்டுக் கழகத்துக்கு மாற்றப்பட்டால், அத்தொகையில் 5 விழுக்காடு அவரை 12 முதல் 23 வயது வரை பயிற்றிய கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட வேண்டும். மாற்றுத் தொகை 1 கோடி ரூபாய் என்று கொள்வோம். பகிர்வுக்குரியது 5 லட்சம். 12 முதல் 15 வரையான நான்கு ஆண்டுகளுக்கு மட்டும் அதில் 1 லட்சம் கிடைக்கும். பெருங்கழகத்துக்கு அது விருந்துச் செலவு. தெருக்கழகத்துக்கோ பந்தும் பூட்ஸும், பயிற்சிக்குப்பின் தரும் முட்டையும் வாழைப்பழமும் ஆகும்.

நம் பிள்ளைகள் வெளிநாடு செல்வது அரிது என்பீர்கள். உண்மையே. ஆகவே அதனினும் நமக்கு வேண்டுவது மற்றொரு விதி. ஓர் இளைஞர் முதன்முறை தொழில்முறை ஒப்பந்தம் செய்யும்போது, வளர்த்த கழகத்துக்குப் பயிற்சி ஈட்டுத்தொகை தரப்பட வேண்டும் என்பது அது. உள்நாட்டு மாற்றங்களிலும் இளையோரைப் பயிற்றும் கழகங்களுக்குப் பயன் சேர ஒவ்வொரு நாட்டுச் சம்மேளனமும் வகை செய்ய வேண்டும் என்று ஃபிஃபா பணித்துள்ளது. சட்டம் நம் பக்கம் சாய்ந்தே நிற்கிறது. பின் ஏன் நம் தெருவுக்குப் பணம் வருவதில்லை?

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருபதாண்டுக்கு மேலாகக் கோப்புகளோடு பழகிய எழுத்தன் என்ற முறையில் சொல்கிறேன்: ஏட்டில் இல்லாத உழைப்புக்கு உலகில் சாட்சியில்லை. பயிற்சித் தொகை பெற வேண்டுமானால் கழகம் சங்கத்தில் இணைந்திருக்க வேண்டும். பிள்ளையின் பெயர் அக்கழகத்தின் ஆட்டக்காரராக முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். நம் சிறு கழகங்களில் பல இதனைச் செய்வதில்லை. நூறு பிள்ளைகளின் பெயர் பயிற்சியாளரின் நினைவில் இருக்கும்; தாளில் இராது. பெற்றோரோ, எவரேனும் நீட்டிய தாளில் படியாமலே கையெழுத்திட்டு, நகலும் கேளாமல் திரும்புகின்றனர். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. கணக்கே எழுதாதவனுக்கு அந்த உழக்கைக் கேட்கவும் வழியில்லை.

'அன்பால் செய்யும் தொண்டுக்குக் கணக்கு எழுதுவதா?' என்பது மூன்றாம் வாதம். உயர்ந்த உள்ளத்திலிருந்து எழுவதால் இதுவே வெல்ல அரியது. புறநானூற்றில் பொன்முடியார் பாடிய ஒரு பாடல், ஓர் இளைஞனை வீரனாக்குவதில் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகிய ஒவ்வொருவர்க்கும் உரிய பொறுப்பை வகுத்துரைக்கிறது. அப்பாடலைப் பள்ளியில் படித்து மகிழ்ந்தோம். அக்கொல்லனின் உலைக்குக் கரி வாங்கித் தந்தவர் யார் என்று எண்ணினோமா? உலை அவிந்தால் வேலும் இல்லை, வீரமும் இல்லை. தொண்டு செய்வோர் தமக்காகக் கேட்க வேண்டா. தம்மிடம் நாளை வரவிருக்கும் பிள்ளைக்காகக் கேட்கலாம் அன்றோ? தன்மானம் வேறு, பிறருக்குரியதை விட்டுக்கொடுக்கும் கூச்சம் வேறு.

ஆதலின் மூன்று செய்திகளை முன்வைக்கிறேன். பெருங்கழகங்கள், எவரும் கேட்குமுன்பே, தாம் ஒப்பந்தம் செய்யும் ஒவ்வோர் இளைஞரும் எங்கே வளர்ந்தார் என்பதை வெளிப்படையாக அறிவித்து உரியதை அளிக்க வேண்டும். மாநில, மாவட்டச் சங்கங்கள், சிறு கழகங்களைச் சேர்க்கும் முறையையும் கட்டணத்தையும் எளிமையாக்க வேண்டும். மூன்றாவது நம்மவர்க்கு உரியது. தமிழ்ச் சங்கங்கள் பட்டிமன்றத்துக்கும் கவியரங்குக்கும் இடம் தருகின்றன. அவ்வாறே ஞாயிறுதோறும் ஒரு மேசையும் ஒரு பதிவேடும் தரலாம். படித்த இளைஞர் இருவர் அமர்ந்து பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கழகப் பதிவு, ஒப்பந்த நகல் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தித் தரலாம். ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமன்று; பந்தோடு மைதானம் புகும் நம் பெண்பிள்ளைகளுக்கும் இது வேண்டும். வங்கியிலும் அலுவலகத்திலும் பிறருக்காக நாளெல்லாம் படிவம் நிரப்பும் நம்மவர், தம் தெருவுக்காக ஒரு மணி நேரம் எழுதலாகாதா?

நம் ஏரிக்கரையில் 1991இல் நிறுவப்பெற்ற வள்ளுவர் சிலை, திறப்பு விழா காண 2009 ஆகஸ்டு வரை திரைக்குள் இருந்தது. பதினெட்டு ஆண்டுகள் பொறுத்தோம். கல்லில் வடித்த புலவர் காத்திருப்பார், காத்திருந்தும் குறையமாட்டார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அவ்வாறு காத்திருக்க இயலாது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து அவனுக்கு முப்பது வயது. அவன் ஆட்டமும் முடிந்திருக்கும், அவனை வளர்த்த கழகமும் பூட்டியிருக்கும். பதிவேட்டின் முதற்பக்கத்தை இவ்வாண்டே எழுதுவோம்.