பள்ளிப் பிள்ளையின் சம்பாத்தியம்

விடுமுறை நாட்களில் பிள்ளைகள் கடையிலோ வயலிலோ பெற்றோருக்குத் துணை நிற்பது நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. ஆனால், மேல்நிலை வகுப்புகளில் பயிலும் பிள்ளை, வீட்டு மூலையில் கைபேசியோடு அமர்ந்தபடியே ஊதியம் ஈட்டுவது நமக்குப் புதிது. சிறுவர்க்குக் கணக்குப் பாடம் சொல்லித் தருதல், காணொளிகளைச் சீர்செய்தல், விளம்பரப் படம் வரைதல், தட்டச்சு செய்தல் எனப் பல வேலைகள் இணையவழி கிடைக்கின்றன. இவையும் நேர்மையான உழைப்பே. சூசையப்பரின் பட்டறையை வணங்கும் நாம் உழைப்பை இழிவாகக் கருதலாகாது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கடையில் நிற்கும் பிள்ளையின் களைப்பு நம் கண்ணுக்குத் தெரியும். கடையை அடைத்ததும் வேலையும் முடியும். கைபேசி வேலைக்கோ அடைப்பு நேரமே இல்லை. வேலை கொடுத்தவர் இரவு 11 மணிக்கும் திருத்தம் கேட்பார். பிள்ளை படிக்கிறது என்றெண்ணி நாம் உறங்கச் செல்கிறோம். மறுநாள் அது வகுப்பில் கண்ணயர்கிறது.

ஆகவே, வேலை கொடுப்பவர் யார், எத்தனை மணி நேர வேலை, பணம் எவர் கணக்கில் சேர்கிறது என்னும் மூன்றையும் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். பல தளங்கள் 18 வயது நிறைந்தவரையே ஏற்கின்றன. வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தால், முதல் நாள் உழைப்பே பொய்யில் தொடங்கிவிடுகிறது. முன்பணம் கட்டினால் வேலை என்பவரையும், கமிஷன் தருகிறோம், வங்கிக் கணக்கைக் கொடு என்பவரையும் அறவே விலக்குக. பிறர் மோசடிப் பணம் அக்கணக்கில் புகுந்தால், விசாரணைக்கு நிற்பது பிள்ளையே. ஏமாந்துவிட்டால் அஞ்சி மறைக்காமல், 1930 என்னும் எண்ணில் உடனே புகார் செய்யலாம்.

நேரத்திற்கும் வரம்பு வேண்டும். பள்ளி நாட்களில் ஒரு மணி நேரமே போதும். இரவு 9 மணிக்குமேல் வேண்டா. ஞாயிறு திருப்பலிக்கும் குடும்பத்திற்கும் உரியது. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை, கிறிஸ்து பிறப்பு விழாவோடு வேலையை நிறுத்திக்கொள்வது நலம்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து நம்மிடமே உள்ளது. ஒரு மாதம் பிள்ளை மனமுவந்து தந்த பணம் மின்கட்டணத்திற்கு உதவுகிறது. மறுமாதம் நாம் அதை எதிர்பார்க்கிறோம். மூன்றாம் மாதம், படிப்பிற்காக வேலையை விட விரும்பினாலும் பிள்ளை வாய் திறவாது. நம் முகவாட்டத்தை அது முன்னரே கண்டுகொள்கிறது. உடலும் உள்ளமும் போதிய வளர்ச்சி பெறுமுன் பிள்ளைகளைப் பட்டறைகளில் அமர்த்தலாகாது என்று திருத்தந்தை 13ஆம் லியோ 1891ஆம் ஆண்டிலேயே தம் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் எச்சரித்தார். அப்பட்டறை இன்று நம் வீட்டுக்குள்ளேயே திறக்கக்கூடும்.

ஆதலின், பிள்ளையின் ஊதியம் அதன் மேற்படிப்பிற்கே சேரட்டும். 10 வயது நிறைந்தோர் தம் பெயரிலேயே சேமிப்புக் கணக்கை நடத்த வங்கிகள் இடந்தரலாம் என ரிசர்வ் வங்கி 2025ஆம் ஆண்டில் அறிவித்துள்ளது. குடும்பத்தில் உண்மையாகவே நெருக்கடி இருப்பின், பங்குத்தந்தையையோ வின்சென்ட் தெ பவுல் சபையினரையோ அணுகுவதில் வெட்கமில்லை. அச்சுமையைப் பதினாறு வயதுத் தோளில் ஏற்றுவதே வெட்கம்.

இன்றிரவு செபமாலை முடிந்தபின் பிள்ளையை அருகில் அமர்த்தி, "இவ்வேலையை விட்டுவிட விரும்புகிறாயா?" என்று கனிவோடு கேட்போம். ஆம் என்று அது சொன்னால், முகம் வாடாமல் ஏற்போம்.