வைரம் வைப்பு நிதியல்ல

"ஆய்வகத்தில் வளர்த்த வைரம் போலி, சுரங்க வைரம் வாங்கினால்தான் இலங்கையின் ராகலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு நாளைக்கு அது கைகொடுக்கும்" என்ற வாதம் இரண்டு இடத்திலும் தவறு.

முதலாவது, அது போலியல்ல. இரண்டுமே கரிமத்தின் படிகம். கடினமும் ஒளியும் ஒன்றே. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1954இலேயே ஆய்வகத்தில் வைரத்தை உருவாக்கிக் காட்டிவிட்டது. வெறுங்கண்ணால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. அதற்குக் கருவி வேண்டும். வைரமென்று சொல்லி விற்கப்படும் சர்க்கோனியா கல்தான் போலி.

இரண்டாவது, அவசரத்துக்கு நம் சனம் அடகு வைப்பது பவுணை. அடகுக் கடையில் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கே கடன் தருகிறார்கள். சுரங்க வைரத்தை விற்கப் போனாலும் கொடுத்த விலை திரும்பாது. ஆய்வக வைரத்தின் விலையும் சில ஆண்டுகளாகச் சரிந்திருக்கிறது, அதுவும் சேமிப்பல்ல. ஆனால் அதில் இழப்பது சிறிய தொகை.

2024இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அப்படி உழைத்துச் சேர்த்த காசைக் கல்லில் போடச் சொல்வது அநியாயம். சேமிக்கப் பவுண் வாங்குங்கள். ஒளிக்கு ஆசையென்றால் ஆய்வகக் கல்லே போதும்; எந்தக் கல் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.