எண்ணிக்கை போதாது, வரைபடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வடகிழக்குப் பருவமழைக்கு முன் சென்னைக்கு வரும் அறிவிப்புகள் ஆண்டுதோறும் எண்ணிக்கைகளாகவே இருக்கின்றன: இத்தனை மோட்டார் பம்புகள், இத்தனை படகுகள், இத்தனை நிவாரண மையங்கள். எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், படுத்த படுக்கையாய்க் கிடப்பவரை எந்த வழியாக எந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிச் செல்வது என்பது இவற்றிலிருந்து யாருக்கும் தெரியப்போவதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்ததாக அரசே கணக்குச் சொன்னது. அவ்வளவு தண்ணீர் வந்தால் தம் வீட்டில் எதுவரை ஏறும் என்று அடையாற்றங்கரை மக்கள் அந்தக் கணக்கை வைத்து எப்படி அறிந்திருக்க முடியும்?

அதே வெள்ளத்தின்போது தன்னார்வலர்கள், யாரும் திருத்தவும் பயன்படுத்தவும் கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைக் கொண்டு ஒரு வெள்ள வரைபடத்தை இணையத்தில் வைத்தார்கள். பொதுமக்கள் நீர் சூழ்ந்த தெருக்களை அதில் தாங்களே குறித்தார்கள். ஆனால் அந்த வேலை தண்ணீர் வந்த பிறகு நடந்தது. அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டியது. தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் 2015இல் தொடங்கிய 'ரமானி ஹூரியா' திட்டத்தில் பல்கலைக்கழக மாணவர்களும் குடியிருப்புவாசிகளும் தெருத்தெருவாக நடந்து வடிகால்களைப் பதிவுசெய்து, அத்தரவுகளை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். சென்னையைவிட வசதி குறைந்த நகரம் அது.

பொதுமக்கள் குறிப்பதில் பிழை இருக்கும் என்பார்கள். இருக்கும்தான். திறந்த வரைபடத்தில் பிழை எல்லோர் கண்ணிலும் படும், வார்டுப் பொறியாளர் திருத்திவிடலாம். அலுவலகக் கணினிக்குள் பூட்டிய வரைபடத்தின் பிழை வெள்ளம் வந்தால்தான் தெரியும். வரைபடத்தை வெளியிடாமலிருக்கச் சொல்லும் பாதுகாப்புக் காரணமும் நிற்காது. நில வரைபடத் தரவுகளுக்கு முன் அனுமதி கேட்கும் நடைமுறையை 2021 பிப்ரவரியில் மத்திய அரசே பெரும்பாலும் நீக்கிவிட்டது. வெளியிட்டால் மனை விலை சரியும் என்ற வாதம்தான் எனக்குக் கோபமூட்டுகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி வீடு வாங்கும் குடும்பத்திடம் அங்கே தண்ணீர் ஏறும் என்ற உண்மையை மறைத்துக் காக்கப்படும் விலை யாருக்கு லாபம்? வெள்ளத்தில் மின்சாரமும் செல்பேசியும் செயலிழக்குமே என்ற கேள்வி மட்டும் நியாயமானது. அதற்காகவே வரைபடத்தை அச்சிட்டு ரேஷன் கடையிலும் அங்கன்வாடியிலும் முன்கூட்டியே ஒட்ட வேண்டும்.

2015லும் 2023 மிக்ஜாம் புயலிலும் ஒவ்வொரு தெருவிலும் நீர் நின்ற உயரம், மழைநீர் வடிகால்களின் பாதை, நிவாரண மையங்களின் இடம் ஆகியவற்றை வார்டு வாரியாகத் திறந்த தரவாக மாநகராட்சி வெளியிட வேண்டும். பகுதி சபைக் கூட்டங்களில் மக்கள் அவற்றைச் சரிபார்க்கட்டும். அடுத்த ஐப்பசிக்கு முன் இது நடந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சென்னை